தொண்ணூறாவது நாள் படம்

மாலைக்குள் இன்னும் ஒரு ஆர்டர் பிடித்தால்தான் வேலை நிரந்தரம் என்று தைலக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்த அவளிடம் மேலாளர் சொல்லியிருந்தார். மணி அடித்ததும் அவள் பாய்ந்து போனை எடுத்தாள்.

"வணக்கம்மா! முடி வளர்ற தைலம்தானே? தபால்லயே வீடு தேடி வந்துடும்."

"விளம்பரத்துல வழுக்கையா ஒரு படம், சுருட்டை முடியோட ஒரு படம் இருக்கே. ரெண்டும் ஒரே ஆளாம்மா?" என்றாள் மறுமுனைப் பெண்மணி.

"சாட்சாத் அவரேதான். தொண்ணூறே நாள்!"

"நீ நேர்ல பார்த்திருக்கியா?"

"பார்க்காமலா? போன வாரம்கூட வந்தார். சீப்பே உள்ள போகலையாம்!"

"வயசுகூட இருபது குறைஞ்சிருக்கே?"

"எல்லாம் தைலத்தோட மகிமைம்மா. எத்தனை பாட்டில் அனுப்பட்டும்?"

"இரு கண்ணு. வழுக்கையா இருக்கிறது, ரெண்டு வருஷம் முன்னாடி தவறிப்போன என் வீட்டுக்காரர். முடியோட இருக்கிறவன் என் பையன். ஸ்டுடியோவுல எடுத்த எங்க குடும்பப் படத்தை வெட்டிப் போட்டிருக்கீங்க."

ஆர்டர் சீட்டில் அவள் பேனா நின்றது.

"உங்க விளம்பரத்தைப் பார்த்துட்டு, மாப்பிள்ளை வழுக்கையை மறைச்சுட்டார்னு என் பையனுக்குப் பார்த்த பொண்ணு வீட்டுல கல்யாணத்தையே நிறுத்திட்டாங்க. நான் சொன்னா நம்பலை. இப்ப பக்கத்துல உட்கார்ந்து கேட்டுட்டுதான் இருக்காங்க. நீயே உண்மையைச் சொல்லிடும்மா."

எதிர் மேசையிலிருந்து மேலாளர், ஆர்டர் ஆச்சா என்று சைகையில் கேட்டார்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, அவருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் அவரைப் பார்த்ததே இல்லம்மா. விளம்பரம் சுத்தப் பொய். நீங்க தைரியமா கல்யாணத்தை நடத்துங்க."