தங்கையின் விண்ணப்பம்

மனநல ஆலோசகர் உரிமத்துக்கு அக்காவும் தங்கையும் ஒரே வாரத்தில் விண்ணப்பித்திருந்தார்கள். நேர்காணல் முடிந்து, தங்கைக்கு உரிமம் கிடைத்துவிடும் என்று பேச்சு அடிபட்டது. அக்காவுக்கோ இன்னும் அழைப்பே வரவில்லை. சின்ன வயதிலிருந்தே எல்லாம் தங்கைக்குத்தான் முதலில் என்று வயிறு எரிந்தது. நேரே உரிமக் குழு அதிகாரியைப் போய்ப் பார்த்தாள்.

"சொந்தத் தங்கச்சியைப் பத்தி நானே சொல்லக் கூடாதுதான் மேடம். காலேஜ்ல படிக்கும்போது கடையில வாட்ச் திருடி மாட்டிக்கிட்டா. கோர்ட்டுல தண்டனையும் ஆச்சு."

"தெரியும்மா. அவங்களே விண்ணப்பத்துல எழுதியிருக்காங்க. ரெண்டு வாட்ச் எடுத்தேன், தப்புதான்னு ஒளிக்காம ஒத்துக்கிட்டாங்க. அதனால உரிமம் குடுக்கலாம்னு முடிவாயிடுச்சு."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. விட மனம் வரவில்லை.

"அதுலயும் பொய்தான் மேடம். அவ எடுத்தது ஒண்ணுதான். எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்போ இன்னொண்ணை யாரு எடுத்தது?"

அக்கா கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி கோப்புகளுக்கு நடுவிலிருந்து அவளுடைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, பேனாவோடு நகர்த்தி வைத்தார்.

"எந்தக் குற்றத்துலயாவது சம்பந்தப்பட்டிருக்கீங்களாங்கிற கேள்விக்கு, நீங்க 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்கம்மா. திருத்தி எழுதறீங்களா?"