மூன்றாவது கட்டம்

வெள்ளைப் பலகையில் பேராசிரியர் மூன்று கட்டம் போட்டிருந்தார். செத்தது யார். கொன்றது எதற்காக. தலைமை தாங்கியது யார்.

கண்காட்சியின் கடைசிச் சுவரில் ஒரே ஒரு படுகொலைக்குத்தான் இடம் பாக்கி. இரண்டு படுகொலைகள் போட்டியில் இருந்தன.

போட்டி என்பது என் சொல் இல்லை. பேராசிரியர் சொன்னது, வாயில் பிஸ்கட்டோடு.

சுவர் வாசகங்களை எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒரு வருடமாகப் பிணங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். அப்போதெல்லாம் வராத குமட்டல், இந்தக் கூட்டங்களுக்கு வந்து உட்கார்ந்தால் வந்துவிடுகிறது.

முதலாவது, எங்கோ தூர தேசத்தில் ஒரு தளபதி ஆட்களை ஆற்றங்கரையில் நிற்க வைத்துச் சுட்டது. அதற்கு மூன்று கட்டமும் நிரம்பிவிட்டது. தளபதிக்குத் தொப்பியோடு அம்சமான படம்கூட இருந்தது.

இரண்டாவது, எங்கள் ஊர் அரிசி ஆலை. ஜனங்களை உள்ளே தள்ளிப் பூட்டி எரித்தார்கள். அதற்கு மூன்றாவது கட்டத்தில் ‘கும்பல்’ என்று எழுதி அடித்திருந்தார்.

எங்கள் சுவரில் ஒவ்வொரு படுகொலைக்கும் வலது மூலையில் தலைமை தாங்கியவனின் படமும் பெயரும் வரும். அது இல்லாவிட்டால் மூலை மொட்டையாக இருக்கும் என்றார் வடிவமைப்பாளர்.

மொட்டையாக இருக்குமாம்! கொன்றவன் அடையாளம் தெரியாத பாவத்துக்குச் செத்தவர்களுக்கு இடமில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை, எழவு வீட்டில் பிணம் என்பார்கள். இங்கே எழவு வீட்டிலும் கொலைகாரன்தான் மாப்பிள்ளை. கருமம்.

ஆலையிலிருந்து தப்பிய ஒரே ஆள் மேசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். தையல்காரர். தவிடு கொட்டும் ஓட்டை வழியாக நுழைந்து வெளியே விழுந்தபோது சின்னப் பையன். அவருடைய அக்காவும் தம்பியும் அக்காவின் கைக்குழந்தையும் உள்ளேயே எரிந்துபோனார்கள். அவர்கள் பெயர் ஏதாவது ஒரு சுவரில் இருக்கட்டும் என்று கேட்க வந்திருந்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

“அண்ணே, கோச்சுக்காதீங்க. தலைமை யாருன்னு தெரிஞ்சாத்தான் ரெண்டையும் ஒப்பிட முடியும்” என்றார் பேராசிரியர்.

“மூஞ்சியப் பாக்கலைங்க. கதவப் பூட்டினப்புறம் வெளியில ஒருத்தர் சொன்னது மட்டும் காதுலயே இருக்கு. ‘லாரி இன்ஜின நிறுத்தாத. சத்தம் ரோட்டுக்குக் கேக்கும்.’ அதட்டல் எல்லாம் இல்லைங்க. நல்ல மரியாதையான குரல்.”

வடிவமைப்பாளர், குரலுக்கு எப்படிப் படம் போடுவது என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், பாவி.

நான் குறிப்பெடுப்பதை நிறுத்தினேன். அவர் சிரித்ததற்காக இல்லை.

ஆலையைப் பற்றி வந்த எல்லாவற்றையும் தேடிப் படித்தவள் நான். லாரி இன்ஜின் எதிலும் கிடையாது. ஆனால் போன மாதம் எங்கள் வீட்டில் அதைக் கேட்டேன். விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருப்பவனுக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்றால் ஒரு லாரி இன்ஜினை ஓட விட்டால் போதும், நாங்கள் ஒரு தடவை செய்தோம் என்று ஒரு மரியாதையான குரல் சொன்னது. எங்கே, எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கெட்டிக்காரத்தனத்தை மெச்சினார்கள். நானும் சிரித்துக்கொண்டே பரிமாறினேன்.

“சரி, ஆற்றங்கரையே இருக்கட்டும்” என்று பேராசிரியர் ஆலையை அழிக்கத் துணியை எடுத்தார்.

தையல்காரர் எழுந்தார். பரவாயில்லைங்க என்றார். தேநீருக்கு நன்றி வேறு சொன்னார்.

பரவாயில்லையாம்! அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பேராசிரியரை இடித்துக்கொண்டு போய்ப் பேனாவை எடுத்தேன். இதை எழுதினால் சாயங்காலம் எந்த வீட்டுக்குத் திரும்புவேன் என்று தெரியவில்லை. மூன்றாவது கட்டத்தில் ஒரு பெயரை முழுதாக எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது.

“யாரும்மா இது? எத வச்சு எழுதறீங்க?” என்றார் பேராசிரியர்.

வாசற்படியில் நின்ற தையல்காரரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“ஸ்கூல்ல சேத்த நாள்லேர்ந்து இந்தப் பேரோட முதல் எழுத்தத்தான் அண்ணே, என் பேருக்கு முன்னால போட்டுக்கிட்டிருக்கேன்.”