மீதி நான்கு நிமிடம்

கட்டிலில் உட்கார்ந்த பிறகும் அவளுடைய வலது கால் மிதித்துக்கொண்டிருந்தது.

கீழே பெடல் இல்லை. வெறும் சிமெண்டுத் தரை.

முழங்காலைக் கையால் பிடித்து அழுத்தினாள். நின்றது. கையை எடுத்தாள். மறுபடி மிதித்தது.

கதவில் 'ஓய்வு அறை' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள். போன மாதம் வரை அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருந்த அறை. அந்த வாசனை இன்னும் போகவில்லை. ஒரு கட்டில், ஒரு ஃபேன், ஒரு கடிகாரம். கதவோரம் ஒரு நோட்டு. அதில் நூல் கட்டித் தொங்கவிட்ட பேனா.

வந்த நேரம் எழுத வேண்டும். போகிற நேரமும் எழுத வேண்டும். பெயரும் கையெழுத்தும் போட வேண்டும்.

11.00 என்று எழுதியிருந்தாள். சுழி அவளுக்கு நன்றாக வரும்.

போன வியாழக்கிழமை பனியனுக்குத் தோள் மூட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே மெஷின் மேல் சாய்ந்துவிட்டாள். நெற்றியில் வீக்கம் இன்னும் வற்றவில்லை. கம்பெனி நர்ஸ் பார்த்துவிட்டு, காலையில் பத்து நிமிடம், மத்தியானம் பத்து நிமிடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு வாரம் ஒழுங்காக ஓய்வு எடுத்துக் காட்டினால் ஓவர்லாக் மெஷின் அவளுக்கே. இல்லையென்றால் கைமடிக்கு இறக்கிவிடுவார்கள். டெய்லர் பக்கத்தில் நின்றுகொண்டே பீஸ் எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து அடுக்குகிற வேலை. பதினேழு வருடத்துக்கு முன்னால் அவள் தொடங்கியது அங்கேதான். மெஷினில் ஏறி உட்கார அவளுக்கு ஆறு வருடம் ஆனது.

அதனால் எடுத்துக் காட்ட வேண்டும்.

படுத்தாள். கண்ணை மூடினாள். மூடின கண்ணுக்குள் பீஸ் வந்துகொண்டே இருந்தது. வெள்ளை பீஸ். ஒன்றின் மேல் ஒன்று. எண்ணினாள்.

எண்ணுவது ஓய்வில் சேர்த்தியா?

தெரியவில்லை.

எண்ணுவதை விட்டாள். மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். கையைத் தளர்த்தினாள். அது ஆயிற்று. கழுத்து. அதுவும் ஆயிற்று. இடுப்பு. எழுந்து தண்ணீர் குடித்தாள். வேறு என்ன பாக்கி என்று பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

11.06 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும், பக்கத்து மெஷின் பூவாத்தாள் தலையைத் தூக்காமலே, மகாராணி அதுக்குள்ள எந்திரிச்சாச்சா என்று கேட்டாள். லைன் சூப்பர்வைசர் கதிரேசன் நோட்டைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தான். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன்.

"ஏனுங்க்கா, ஆறு நிமிஷந்தான் ஆகுது?"

"பத்து நிமிஷத்த ஆறு நிமிஷத்துல முடிச்சிட்டனுங்க சார்."

பூவாத்தாள் சிரித்துவிட்டாள். கதிரேசனுக்கும் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். மணிக்கு நூறு பீஸ் கேட்டால் நூற்றிருபது கொடுப்பவள். அதை போர்டில் சாக்பீஸால் பெரிதாக எழுதி மற்றவர்களுக்குக் காட்டியவனும் அவன்தான். இப்போது அவளை என்ன சொல்லித் திட்டுவது என்று அவனுக்கும் தெரியவில்லை போலிருந்தது.

சீக்கிரம் முடித்தால் நல்லதுதானே. எப்போதிலிருந்து அது நல்லது இல்லாமல் போனது?

நோட்டில் பத்து முழுசாக இருந்தால்தான் மேலே ஒத்துக்கொள்வார்கள், மீதி நான்கு நிமிடத்தையும் எடுத்துவிட்டு வாருங்கள் என்றான்.

டேமேஜ் பீஸ் திரும்பி வருகிற மாதிரி அவள் அறைக்குத் திரும்பி வந்தாள்.

இந்த முறை படுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எங்கே தப்பு விட்டோம் என்று யோசித்தாள். தையல் பிரிந்திருந்தால் இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்டிவிடுவாள். இதில் எங்கே வைத்துப் பார்ப்பது?

ஃபேன் சுற்றியது.

யோசனை பாதியில் அறுந்தது. அந்த இடத்துக்கு வேறெதுவும் வரவில்லை.

இடுப்பு வலித்தது. இன்றைக்கு வந்த வலி இல்லை. எப்போது வந்தது என்று ஞாபகம் இல்லை. பிறகு முட்டி வலித்தது. பிறகு கட்டைவிரல். பிறகு தோள், தனக்கும் தோள் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்த மாதிரி. ஒவ்வொன்றாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. இன்னும் எத்தனை வர வேண்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தாள். 11.31.

பதறிக்கொண்டு எழப் பார்த்தாள்.

எழவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு கதிரேசன் வந்தான். பீஸ் குவிந்துவிட்டது என்றான். லைனே அவளுக்காக நிற்கிறது என்றான். வேறு ஆளை உட்கார வைத்தால் அப்புறம் அந்த ஆளை எழுப்ப முடியாது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று தணிந்த குரலில் சொன்னான். மிரட்டலாகத் தெரியவில்லை.

அவள் நோட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"இன்னும் முடியலீங்க சார்."

அவன் வாட்சைப் பார்த்தான். திரும்பிப் போனான். கதவைச் சாத்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. எழுபது மெஷின் இரைச்சலிலும் அது மட்டும் தனியாகத் தெரியும் அவளுக்கு. யாரோ மிதிக்கிறார்கள். வளைவில் திக்குகிறது. நிற்கிறது. மறுபடி ஓடுகிறது.

அவள் தன் வலது காலைக் குனிந்து பார்த்தாள்.

அது சும்மா இருந்தது.