பதினெட்டு வினாடி

நோன்பு திறக்க எடுத்த ஈத்தம்பழம் நஸீபின் உதட்டில் பட்டுவிட்டது.

"பொறுங்க, அந்த மணிக்கூடு ஃபாஸ்ட். றேடியோவில பாங்கு செல்லட்டும்," என்றாள் ஸுமைரா.

நேற்றைக்குப் பிறகு மனைவி அவனோடு பேசிய முதல் பேச்சு அது.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. நான்கு வருடம் தேடி, எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதி எழுந்த ஈர்ப்பலை ஒன்றைப் பிடித்திருந்தாள். கருவி இருப்பது கடல் கடந்த நாட்டில். அதன் பதிவுகளை அலசிப் பிடித்தது கட்டுகஸ்தோட்டையில், இந்தச் சாப்பாட்டு மேசையில்.

அது அலையே இல்லை என்றவன் நஸீப். அவன் வேலையே அதுதான். விண்வெளியிலிருந்து விழும் காஸ்மிக் கதிர் கருவியின் கண்ணாடியில் பட்டால், அந்தச் சின்ன உதறலும் அலை மாதிரியே தெரியும். அவளுடைய அலை வந்த அதே வினாடியில், கண்ணாடிக்குப் பக்கத்திலிருந்த கதிர் எண்ணியும் ஒரு கதிரைப் பதிந்திருந்தது. நேற்றைய கூட்டத்தில் ஐம்பது பேர் முன்னால், மனைவி என்றும் பாராமல் போட்டு உடைத்துவிட்டான்.

அவள் வாபஸ் கடிதம் எழுதி வைத்துவிட்டாள். கஞ்சி குடித்ததும் அனுப்பப் போகிறாள்.

மணிக்கூடு ஃபாஸ்ட்.

நஸீப் மேசையிலிருந்த மடிக்கணினியைப் பார்த்தான்.

கருவி ஓடுவது ஜி.பி.எஸ். செய்மதி நேரத்தில். கதிர் எண்ணி ஓடுவது ஊருலகத்து நேரத்தில். செய்மதி நேரம் பதினெட்டு வினாடி முந்தி நிற்கும். அதைக் கழித்துவிட்டுத்தான் இரண்டையும் ஒப்பிட வேண்டும். இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் பாடம் அது.

கழிப்பதற்கென்றே ஒரு புரோகிராம் இருந்தது. ஐந்து வருடமாக ஓட்டுகிறான், ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. எழுதிய கையின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

நோன்பு திறக்க ஒரு வினாடி முந்தினாலும் பதறுகிற மனிதன்!

பழத்தைப் பீங்கானில் போட்டுவிட்டு மடிக்கணினியை இழுத்தான். பதினெட்டைக் கையாலேயே கழித்துப் பார்த்தான்.

அலை வந்த வினாடியில் கதிர் இல்லை. அது பதினெட்டு வினாடி பிந்தித்தான் விழுந்திருந்தது.

அலை உண்மை.

புரோகிராமைத் திறந்தான். கழிக்க வேண்டிய வரியே அதில் இல்லை.

றேடியோவில் பாங்கு ஒலித்தது. பழத்தோடு எழுந்து வந்த ஸுமைரா அவன் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தாள். அவளுக்கு ஒருவரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. முகம் சிவந்தது, கண் நிறைந்தது, பிறகு சிரிப்பும் வந்தது.

"யா அல்லாஹ்! இத எழுதின மடயன் யாரு?"

நஸீப் சட்டென்று முதல் வரியைக் கையால் மூடினான்.

அவள் சிரித்தபடியே அந்தக் கையை விலக்கினாள்.

எழுதியவர்: ஸுமைரா. கீழே திகதி, அவர்களுடைய கலியாணத்துக்கு முந்திய கிழமை.