டீச்சரின் மருமகள்

“என் மருமக இதைத்தான் சாப்பிடறா” என்று அந்த அம்மாள் காலி மாத்திரை அட்டையைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். திருடனைப் பிடித்துப் போலீஸில் ஒப்படைப்பதுபோல இருந்தது.

மருந்துக்கடைக்காரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை.

“சாப்பிடட்டுமே. அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?”

“மாசமா இருக்கா. இது மூணாவது மாசம்.” அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “வயித்துல இருக்கற குழந்தையை இது ஏதாவது பண்ணிடுமா?”

கடைக்காரி இருபது வருடமாக மாமியார்களைப் பார்த்துவருகிறவள். மருமகளின் மாத்திரையோடு விசாரணைக்கு வருகிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது உண்டு.

“அவ கைப்பையைக் குடைஞ்சு எடுத்தீங்களாக்கும்?”

“ஐயய்யோ, இல்லைங்க. அவளுக்குத் தெரிஞ்சுதான் கொண்டுவந்தேன்.”

“நம்பிட்டேன். விரலெல்லாம் சாக்பீஸ் தூள். டீச்சர்தானே? அதான் வீட்டுலயும் பரீட்சை வெச்சுட்டிருக்கீங்க.”

“கணக்கு டீச்சர்” என்று ஒப்புக்கொண்டு அவள் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

“பாட்டியாகப் போறவங்க மூஞ்சியை இப்படியா வெச்சுக்கறது? கொஞ்சம் சிரிங்க டீச்சர்.”

டீச்சர் சிரிக்கவில்லை. “அவ மாத்திரையை நிறுத்தி ஆறு நாளாச்சு. தூக்கமே இல்லை. தலைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்காம். சும்மா சும்மா அழுகை வருது.”

கடைக்காரியின் கேலி சட்டென்று இறங்கியது. “யார் நிறுத்தச் சொன்னது? நீங்களா?”

“யாரும் சொல்லலை. எட்டு வருஷமா சாப்பிடற மாத்திரை. குழந்தைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா தன்னாலதானேன்னு பயந்துட்டா.”

“டாக்டரைப் போய்க் கேட்டா என்ன?”

“ஊர் சிரிக்குமேன்னு கூச்சம்.”

“மாத்திரை சாப்பிடறதுக்கா?”

“அதுக்கும்தான்.”

“நல்லா இருக்கு. மாமியாரும் மருமகளும் ஜோடி போட்டுக் கூச்சப்படுங்க.” கடைக்காரி மாடியில் இருந்த மனநல மருத்துவருக்குப் போன் போட்டு, விஷயத்தை ரெண்டே வரியில் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தாள்.

“முதல்ல அந்தப் பொண்ணைப் பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க” என்றார் டாக்டரம்மா. “கர்ப்பத்துலயும் நிறைய பேர் தொடர்ந்து சாப்பிடற மாத்திரைதான் இது. துளிகூட ஆபத்து இல்லைன்னு எந்த மாத்திரையையும் நான் சொல்ல மாட்டேன். ஆனா தானாத் திடீர்னு நிறுத்தி, பழையபடி மனசு விழுந்துட்டா, தாய்க்கும் கெடுதல், குழந்தைக்கும் கெடுதல். நேர்ல பார்த்து, பிரசவ டாக்டர்கிட்டயும் பேசி, என்ன பண்றதுன்னு முடிவு பண்ணலாம்.”

“பால் குடுக்கறப்போ?” டீச்சர் அவசரமாகக் கேட்டாள்.

“பால்ல இறங்கறது ரொம்பக் கொஞ்சம். பெரும்பாலும் தாராளமாக் குடுக்கலாம். குழந்தையை நாங்களும் கவனிச்சுக்கிட்டே இருப்போம்.”

டீச்சர் கைக்குட்டையை எடுத்தாள். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்தது. கடைக்காரிக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. மருமகளுக்காக இப்படி அழுகிற மாமியாரை அவள் அன்றுதான் பார்க்கிறாள்.

“எனக்கு இப்படி ஒரு மாமியார் வாய்க்கலையே டாக்டரம்மா!” என்று போனில் பெருமூச்சு விட்டாள்.

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். “இன்னிக்கே அழைச்சுக்கிட்டு வரச் சொல்லுங்க. நோட்டுல பதிஞ்சு வெச்சுக்கறேன். மருமகளுக்கு என்ன வயசு?”

டீச்சர் எழுந்தாள். கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். முகமெல்லாம் சிவக்க, போன் பக்கம் குனிந்தாள்.

“நாப்பத்திமூணு டாக்டர். என் பையன் இன்னும் காலேஜே முடிக்கலை.”