நடந்து பார்த்த நாரை

காட்டு வங்கி கடன் கொடுத்துக் கட்டிய மூங்கில் பாலம் எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுத, பருந்தையும் நாரையையும் அனுப்பினார்கள். இரண்டு பேருமே வங்கியில் அந்தப் பாலத்தைக் கட்டிய பிரிவிலிருந்து மதிப்பீட்டுப் பிரிவுக்கு மாறி வந்தவர்கள்.

தலைவர் பருந்து பாலத்துக்கு மேலே ஒரு வட்டம் அடித்தார். "அருமையா இருக்கு. எழுதிடலாம்."

நாரைக்கு மனசு ஒப்பவில்லை. பாலத்தை விட்டுவிட்டு, மான்கள் குட்டிகளோடு பக்கத்திலேயே ஆற்றில் நீந்திக்கொண்டிருந்தன. நாரை கீழே இறங்கிப் பாலத்தில் கால் வைத்தது.

"ரெக்கையை வச்சுக்கிட்டு ஏம்மா நடக்கிற?"

"கட்டும்போதும் நாம யாரும் நடந்து பாக்கல சார்."

பாதி தூரத்தில் மூங்கில் உருண்டது. நாரையின் ஒரு கால் இடுக்கில் இறங்கிச் சிக்கியது. அது ரெக்கையை விரிக்கவில்லை. காலைப் பிடுங்கிக்கொண்டு, தள்ளாடி அங்கேயே நின்றது.

"பறந்து வந்துடு. மறுபடியும் நம்ம பழைய பிரிவுக்குத்தான் நீ வேலைக்கு வரணும். அதை மறந்துடாத."

"மறக்கல சார். நீங்க இதுல நடந்து என்கிட்ட வாங்க. வந்துட்டா, அருமைன்னு நானே எழுதுறேன்."

பருந்து இறங்கிவந்து பாலத்தின் முனையில் ஒரு காலை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக்கொண்டார்.