ஒன்பதாவது ஆவணம்

“எத்தனை வருஷப் பழக்கம்?”

“பன்னெண்டு வருஷம் சார்.”

“பன்னெண்டு வருஷத்துல சேர்ந்து ஒரு போட்டோகூடவா எடுத்துக்கல?”

அழகேசன் மேசைமேல் இருந்த கோப்பைப் பார்த்தான். ரத்த வகை, திசுப் பொருத்தம், ஸ்கேன், மனநல மருத்துவரின் சான்று எல்லாம் வரிசையாக இருந்தன. ஒன்பதாவது ஆவணம் மட்டும் இல்லை.

சிறுநீரகம் கொடுப்பவர் சொந்தமாக இல்லாவிட்டால், நோயாளி மேலுள்ள பாசத்தால்தான் கொடுக்கிறார் என்று காட்ட வேண்டும். விற்கவில்லை என்று கமிட்டி நம்ப வேண்டும். பழைய படங்கள் இருந்தால் கொண்டுபோங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நோயாளி தமிழ்மாறன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வாரத்துக்கு மூன்று நாள் பெரம்பலூரில் டயாலிசிஸ். அரியலூரிலிருந்து பைக்கில் கூட்டிப்போய் வந்தது அழகேசன்தான். இப்போது கால் வீங்கிச் செருப்புக்குள் நுழைவதில்லை என்பதால் பஸ்ஸில் போகிறார்கள். தம்பி துபாயில் இருக்கிறான், போனை எடுப்பதில்லை. மனைவி ஜெயசித்ரா தருவதாகச் சொன்னாள். முதல் பரிசோதனையிலேயே அவளுக்குச் சர்க்கரை என்று வந்துவிட்டது.

அழகேசனுடையது பொருந்தியது.

“டயர் கடைதானே வச்சிருக்கீங்க?” என்றார் கமிட்டி ஆட்கள் மூவரில் நடுவில் இருந்தவர். “ரெண்டு கிட்னியில ஒண்ண ஸ்டெப்னின்னு நெனச்சிட்டீங்களா, கழட்டிக் குடுக்க?”

பக்கத்தில் இருந்த அம்மாள் சிரித்தார். அழகேசனும் சிரிக்கப் பார்த்தான்.

படம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டதே அவர்கள் இருவரும்தான்.

தமிழ்மாறனுக்குச் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடும் வேலை. பஞ்சரான லாரி ஒன்றில் ஏறி ஒருநாள் கடைக்கு வந்தான். மறுநாள் லாரி இல்லாமல் வந்தான். கடை மாடியில் இருந்த ஒற்றை அறையில்தான் அவர்கள் குடும்பம் நடத்தினார்கள், சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை. மாடிப்படி இறங்கினால் நண்பர்கள்.

செல்போனில் வந்த செய்திகளை அன்றன்றே அழித்தார்கள். தமிழ்மாறனின் போனில் அழகேசனின் பெயர் ‘பஞ்சர் கடை’. பத்து வருடத்துக்கு முன் தமிழ்மாறனின் கல்யாணத்தில் நண்பர்களையெல்லாம் மேடைக்குக் கூப்பிட்டபோது, அழகேசன் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான். மகளுக்குக் காது குத்தியபோது எடுத்த ஒரு படத்தில் அவன் முழங்கை மட்டும் விழுந்திருந்தது. அதையும் தமிழ்மாறன் ஆல்பத்திலிருந்து உருவிவிட்டான்.

போன வாரம் இருவரும் அந்த மாடி அறையில் உட்கார்ந்து தேடினார்கள். மூன்று படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கித்தான் தமிழ்மாறன் ஏறி வந்தான். ஒன்றும் கிடைக்கவில்லை.

“போலீஸே தேடினாலும் நம்மளக் கண்டுபுடிக்க முடியாதுடா” என்றான்.

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஜெயசித்ராவுக்கு அழகேசன் அண்ணன். வீட்டுக்கு எப்போது போனாலும், “சாப்பிட்டுப் போங்கண்ணே” என்பாள். அவனும் சாப்பிட்டுத்தான் வருவான். குழம்பில் உப்பு குறைந்தால் அவனிடம்தான் முதலில் கேட்பாள்.

“வெறும் ஃபிரண்டுன்னா நாங்க எப்படி நம்புறது?” நடுவில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “உண்மையச் சொல்லுங்க. எவ்வளவு தரேன்னாங்க?”

உண்மையைச் சொன்னால் நம்பிவிடுவார்கள். அது அழகேசனின் தொண்டை வரை வந்தது.

பக்கத்து நாற்காலியில் ஜெயசித்ரா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஒண்ணும் வாங்கல சார்” என்றான்.

“அப்ப ஆதாரத்தோட வாங்க. இன்னொரு தேதி தரோம்.”

இன்னொரு தேதி என்றால் மூன்று மாதம் ஆகும். இதயம் பலவீனமாகிக்கொண்டே வருகிறது, இந்த மாதத்தைத் தாண்டவிடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நடுவில் இருந்தவர் கோப்பை மூடினார்.

ஜெயசித்ரா எழுந்தாள். கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்து, ஓரம் மழுங்கிய ஒரு புகைப்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அழகேசன் அதைப் பார்த்ததே இல்லை.

தமிழ்மாறன் வீட்டுக் கொல்லைப்புறம். துவைக்கிற கல்லில் தமிழ்மாறன் உட்கார்ந்திருக்கிறான். தலையெல்லாம் ஈரம். எதிரே நின்று அழகேசன் துண்டால் துவட்டிக்கொண்டிருக்கிறான். தமிழ்மாறன் கண்களை மூடி, நெற்றியை அவன் வயிற்றில் சாய்த்திருக்கிறான். படத்தின் குறுக்கே மங்கலாக ஒரு கோடு. சமையலறை ஜன்னலின் கம்பி.

கீழ் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்திருந்தது. கல்யாணத்துக்கு ஜெயசித்ராவின் கூடப்பிறந்த அண்ணன் குவைத்திலிருந்து வாங்கி வந்த கேமரா அப்படித்தான் தேதி போடும்.

அழகேசன் மனதுக்குள் எண்ணிப் பார்த்தான்.

கல்யாணமாகி இருபத்து மூன்றாம் நாள்.

நடுவில் இருந்தவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். திரும்பவும் பேசியபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

“யாரும்மா எடுத்தது?”

“நான்தான் சார்.”

“அவ்வளவு பாசமா ரெண்டு பேருக்கும்?”

ஜெயசித்ரா அழகேசனைப் பார்க்கவில்லை.

“எனக்கு முன்னாடியிலேர்ந்து சார்.”